தம்பி கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி வர முடியுமா? எச்-4, ஸ்டாம்பிங், பையனுக்கு 21 வயது

மன்னை மருமகள் (கேரி, வட கரோலினா), 2026 ஜனவரி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. பாதி கேள்வி, பாதி புலம்பல் என்று முன்பே சொல்லிவிடுகிறேன்.

கணவர் எச்-1பி (வேலை விசா). நானும் பெரியவனும் எச்-4 (அவரைச் சார்ந்த குடும்பத்துக்கான விசா). சின்னவள் இங்கேயே பிறந்தவள். 2013-ல் வந்தோம். கிரீன் கார்டு வரிசையில் இபி-2 என்ற வேலை வகை, பிரையாரிட்டி டேட் (வரிசையில் எங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி) 2015 மார்ச். 2020 அக்டோபரில் ஊரே இபி-3 என்ற அடுத்த வகைக்கு இறங்கி ஐ-485 (கிரீன் கார்டுக்கான கடைசி மனு) போட்டதே, அப்போது அனுமதித்த தேதிக் கோடு 2015 ஜனவரி 1-ல் நின்றுவிட்டது. 2022-ல் இபி-2 தலைதெறிக்க ஓடியது. அதுவும் 2014 டிசம்பர் 1-ஐத் தாண்டவில்லை. இரண்டு தடவையும் கைக்கெட்டும் தூரத்தில் போய்விட்டது. அதற்கப்புறம் அது பின்னால் போன கதை உங்களுக்கே தெரியும்.

இப்போது விஷயம். வைகாசியில் தம்பிக்குக் கல்யாணம். எனக்கு ஒரே தம்பி. அப்பா இல்லை. "நாத்தனார் முடிச்சு போட நீ வராமல் பக்கத்து வீட்டுப் பெண்ணையா கூப்பிடுவது?" என்று அம்மா போனை எடுத்தாலே கேட்கிறார். அவருக்கு விசா புல்லட்டின் (எந்தத் தேதிக்காரர்களின் முறை என்று மாதாமாதம் வரும் அறிவிப்பு) எல்லாம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? "பதிமூணு வருஷமா அங்கே இருக்கீங்க, இன்னுமா பேப்பர் வரலை?" என்பதோடு முடிந்துவிடுகிறது.

எங்கள் மூவரின் பாஸ்போர்ட்டிலும் விசா ஸ்டாம்ப் 2023-லேயே காலாவதி. அதன்பின் நாட்டை விட்டு வெளியே போகவில்லை. ஐ-797 (நீட்டிப்புக்கு அனுமதி தந்த தாள்) இந்த ஆகஸ்ட் வரை இருக்கிறது. என் இஏடியும் (வேலை அனுமதி அட்டை) அதே தேதியில்தான் முடிகிறது. நான் ஒரு பல் மருத்துவமனையில் இன்சூரன்ஸ் பில்லிங் பார்க்கிறேன். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டு இஎம்ஐ ஓடுகிறது.

மே மாதம் நான் மட்டும் போய், சென்னையில் ஸ்டாம்பிங் முடித்துக்கொண்டு மூன்று வாரத்தில் திரும்ப முடியுமா? எச்-1பிக்கு லட்சம் டாலர் கட்டணம் என்கிறார்களே, அது எங்கள் தலையிலும் விழுமா? இஏடி இனி 18 மாதம்தான் என்று ஒரு வாட்ஸாப் குழுவில் பார்த்தேன், உண்மையா? ஊருக்குப் போனால் என் பிறப்புச் சான்றிதழையும் கையோடு வாங்கி வரலாம் என்று நினைக்கிறேன். நான் 1984-ல் பாட்டி வீட்டில் பிறந்தவள். மருத்துவச்சி பார்த்த பிரசவம். எங்குமே பதிவு செய்யவில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய கவலை பெரியவன். நவம்பரில் பதினேழு. கூடப் படிக்கிற பிள்ளைகள் கோடை விடுமுறையில் மளிகைக் கடையில், நீச்சல் குளத்தில் என்று வேலை பார்த்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறார்கள். இவன் எச்-4, வேலை பார்க்கக் கூடாது. "எனக்கு 21 ஆனால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?" என்று போன வாரம் சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டான். அவனுக்கு மன்னார்குடி என்றால் மூன்று வயதில் பார்த்த கோயில் யானை மட்டும்தான் ஞாபகம்.

கம்பெனி வக்கீலிடம் எதைக் கேட்டாலும் "தற்போது பயணத்தைப் பரிந்துரைக்கவில்லை" என்று ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

---

கொங்கு டல்லாஸ்

முதலில் ஒரே ஒரு கேள்வி, சகோதரி. நீங்களோ உங்கள் கணவரோ இந்தியாவுக்கு வெளியே பிறந்தவரா? இலங்கை, மலேசியா, வளைகுடா, எந்த நாடாக இருந்தாலும் சரி. கிரீன் கார்டு வரிசைக்குப் பாஸ்போர்ட் எந்த நாடு என்பது கணக்கில்லை, பிறந்த நாடுதான். கணவன் மனைவியில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் இருவருமே அந்த நாட்டின் வரிசையில் நிற்கலாம். என் மனைவி குவைத்தில் பிறந்தவள், மாமனார் அங்கே வேலையில் இருந்தார். அந்த ஒரு காகிதம் எங்களை வரிசையிலிருந்து தூக்கி வெளியே போட்டது. இது தெரியாமலே வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

குழந்தை பிறந்த நாட்டை வைத்து அப்பா அம்மா இப்படிச் செய்ய முடியாது. சின்னவள் இங்கே பிறந்தது இதற்கு உதவாது.

---

மன்னை மருமகள்

இல்லைங்க. நான் டெல்டா, அவர் திருவாரூர். கடல் தாண்டிப் பிறக்கிற அதிர்ஷ்டம் இரண்டு பேருக்குமே இல்லை.

---

நெல்லைச் சீமை (எடிசன், நியூ ஜெர்சி)

நான் வக்கீல் இல்லை. 2020 அக்டோபர் கூட்டத்தில் ஐ-485 போட்டு, 2022-ல் கார்டு வாங்கியவன். அதற்குமுன் பத்து வருடத்துக்கு மேல் இதே காகிதங்களோடு குடும்பம் நடத்தியதால் சொல்கிறேன்.

சகோதரி, நீங்கள் ஒரே மூச்சில் நான்கு பயங்களைச் சொல்கிறீர்கள். அவை நான்கும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. உங்களிடம் இருப்பது மூன்று தனித்தனி விஷயங்கள். பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா ஸ்டாம்ப் உள்ளே நுழைவதற்கு மட்டும். அதைக் கொடுப்பது தூதரகம், அதாவது வெளியுறவுத் துறை. உள்ளே தங்கும் உரிமை ஐ-94 என்ற பதிவில் இருக்கிறது. விமான நிலையத்தில் எல்லை அதிகாரி கொடுப்பார், அல்லது நீட்டிப்பு கிடைக்கும்போது ஐ-797-ன் அடியில் யுஎஸ்சிஐஎஸ் (குடியேற்ற மனுக்களைப் பார்க்கும் அரசுத் துறை) அச்சடித்து அனுப்பும். மூன்றாவது, ஐ-140-ம் (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட மனு) பிரையாரிட்டி டேட்டும். அது வரிசையில் உங்கள் இடம். ஸ்டாம்ப் காலாவதி ஆனதால் நீங்கள் இங்கே இருப்பதற்கு ஒரு குறையும் இல்லை. ஸ்டாம்ப் கிடைக்கவில்லை என்றால் வரிசையில் இடமும் போகாது. எந்தச் செய்தி வந்தாலும் இந்த மூன்றில் எதைத் தொடுகிறது என்று முதலில் பாருங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும். மீதிப் பாதி நியாயமான பயம்தான், அதை மறைக்கப் போவதில்லை.

லட்சம் டாலர்: 2025 செப்டம்பர் 19-ல் கையெழுத்தாகி 21-லிருந்து நடைமுறைக்கு வந்த அறிவிப்பு. புதிய எச்-1பி மனுக்களுக்கு, முக்கியமாக நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குப் போடப்படும் மனுக்களுக்கு. அக்டோபர் 20-ல் யுஎஸ்சிஐஎஸ் தந்த விளக்கத்தின்படி, உள்ளே இருப்பவருக்கு அதே கம்பெனியில் நீட்டிப்பு போட்டு அது நீட்டிப்பாகவே அங்கீகரிக்கப்பட்டால் இந்தக் கட்டணம் கிடையாது. அப்படி அங்கீகாரம் வாங்கியவர் பின்னால் வெளியே போய் ஸ்டாம்பிங் செய்தாலும் கிடையாது. ஆனால் நீட்டிப்பு மனு நிலுவையில் இருக்கும்போது உங்கள் கணவர் நாட்டை விட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. எவ்வளவு அவசரம் என்றாலும் முடிவு வந்த பிறகுதான். எச்-4-க்கு இந்தக் கட்டணம் என்ற பேச்சே இல்லை.

ஸ்டாம்பிங்: நிஜமான சிக்கல் இங்கேதான். போன செப்டம்பர் 2 முதல் டிராப்பாக்ஸ் (நேர்காணல் இல்லாமல் பாஸ்போர்ட்டைப் போட்டு விசா வாங்கும் வசதி) எச்-1பி, எச்-4-க்கு ஏறக்குறைய இல்லை; நேர்காணலுக்குப் போயாக வேண்டும். அதே மாதம் 6-ம் தேதி, சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று வெளியுறவுத் துறை சொல்லிவிட்டது. மெக்சிகோ, கனடா போய் முடித்துவிட்டு வரும் வழியும் அதோடு அடைபட்டது. டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 எல்லோருடைய சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். கணக்குகளைப் பொதுவில் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். ஒரு நாளில் பார்க்கும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். டிசம்பரில் தேதி வைத்திருந்தவர்களை மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளினார்கள். 2024 ஆரம்பத்தில் இங்கேயே இருந்துகொண்டு விசா புதுப்பிக்கும் சோதனைத் திட்டம் ஒன்று 20,000 பேருக்கு நடந்தது. நன்றாகத்தான் நடந்தது. அதோடு சரி.

எனவே "மே மாதம், மூன்று வாரம்" என்ற கணக்கு உங்கள் கையில் இல்லை, ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் தூதரகக் கட்டடத்தின் கையில் இருக்கிறது. போவது எளிது. திரும்பும் தேதியை யாராலும் சொல்ல முடியாது. அங்கே மாட்டிக்கொண்டால் பல் மருத்துவமனை எத்தனை மாதம் உங்கள் நாற்காலியைக் காலியாக வைத்திருக்கும்? பெற்றவர்கள் உடம்பு முடியாமல் கிடந்தால், "எதையும் யோசிக்காதீர்கள், கிளம்புங்கள்" என்பேன். கல்யாணத்துக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். கடுமையாகத் தெரியலாம். ஆனால் என் சொந்தத் தங்கைக்கும் இதையேதான் சொல்வேன்.

இஏடி: 18 மாதம் என்ற செய்தி பொய் இல்லை. ஆனால் உங்களுக்கு இல்லை. டிசம்பர் 5 முதல் ஐ-485 நிலுவையில் உள்ளவர்கள், அடைக்கலம் கேட்டவர்கள் போன்றோருக்கு 5 வருடம் என்பதை 18 மாதமாகக் குறைத்தார்கள். எச்-4 இஏடி எப்போதும்போல உங்கள் ஐ-94 தேதியோடு போகும். அந்த அனுமதியையே ஒழிக்கக் கேட்ட பழைய வழக்கையும் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. உங்களைத் தொடும் மாற்றம் வேறு: அக்டோபர் 30 முதல் போடும் புதுப்பித்தல் மனுக்களுக்கு 540 நாள் தானியங்கி நீட்டிப்பு இல்லை. கார்டு முடிந்த மறுநாள், புதிய கார்டு கையில் இல்லை என்றால், வேலைக்குப் போகக் கூடாது.

போதாக்குறைக்கு, எச்-1பி நீட்டிப்போடு எச்-4-ஐயும் இஏடியையும் சேர்த்தே முடிக்க வேண்டும் என்றிருந்த நீதிமன்ற உடன்பாடு 2025 ஜனவரியோடு காலாவதி. இப்போது கணவருடையது பிரீமியத்தில் (கூடுதல் கட்டணம் கட்டும் விரைவு வழி) 15 வேலை நாளில் வந்துவிடும். உங்களுடையது தனியாக ஊர்ந்து வரும். அதனால் நாள் கணக்கு முக்கியம். ஆகஸ்டில் முடிகிறது என்றால் ஆறு மாதம் முன்பே, பிப்ரவரியில், ஐ-129 (கணவரின் நீட்டிப்பு), ஐ-539 (எச்-4 நீட்டிப்பு), ஐ-765 (இஏடி) மூன்றையும் ஒரே உறையில் போடச் சொல்லுங்கள். கம்பெனிகள் "மே மாதம் பார்க்கலாம்" என்று சொல்லும். விடாதீர்கள்.

அப்புறம், மூவரின் பாஸ்போர்ட்டும் எப்போது முடிகிறது என்று பார்த்தீர்களா? என்றாவது வெளியே போய் வரும்போது, ஐ-797 2029 வரை இருந்தாலும் பாஸ்போர்ட் 2027-ல் முடிந்தால், எல்லை அதிகாரி ஐ-94-ஐ 2027-லேயே வெட்டிவிடலாம். என் மனைவிக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் இணையத்தில் ஐ-94-ஐ இறக்கிப் பார்க்கிற வழக்கம் இருந்ததால் கண்ணில் பட்டது. பார்க்காதவர்கள் நிறையப் பேர். கையில் இருக்கும் 797 தாளை நம்பி, தங்கும் உரிமை முடிந்தது தெரியாமலே இருந்துவிடுவார்கள்.

பையன் விஷயத்தைத் தனியாக எழுதுகிறேன். இப்போது ஆபீஸ் அழைப்பு.

---

போய் வந்தவன்

ஏன் எல்லோரும் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள்? போன ஜூலையில் சென்னை போனேன். டிராப்பாக்ஸில் பாஸ்போர்ட்டைப் போட்டேன், வாரத்துக்குள் வந்தது, திரும்பிவிட்டேன். இணையத்தில் கெட்ட கதைகள் மட்டும்தான் எழுதப்படும். தம்பி கல்யாணம் திரும்ப வருமா?

---

திருச்சிக்கு மாட்டியவள்

அக்கா, இதை ஸ்ரீரங்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு டிசம்பர் மூன்றாவது வாரத்தில் சென்னையில் நேர்காணல். கைரேகை எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அதன்பிறகு ஒரு மின்னஞ்சல்: தேதி மாறிவிட்டது, மார்ச் கடைசி. பழைய தேதியில் நேரில் போனாலும் உள்ளே விட மாட்டோம் என்று அதிலேயே போட்டிருந்தார்கள்.

எச்-1பி என்னுடையது. இந்தியாவிலிருந்து கம்பெனி லேப்டாப்பைத் திறக்க ஜனவரி வரைதான் அனுமதி தந்தார்கள், இப்போது சம்பளமில்லா விடுப்பு. கணவரும் மகளும் ஆஸ்டினில். அவள் மூன்றாம் வகுப்பு. இரவு அவளுக்கு வீடியோவில் பாடம் சொல்லித் தருகிறேன், எனக்கு அது விடியற்காலை. அம்மா கையால் சாப்பாடு, பெருமாள் தரிசனம், எல்லாம் இருக்கிறது. காரின் சாவி கைப்பையில் கிடக்கிறது, அதைப் பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

"போய் வந்தவன்" அண்ணா, நீங்கள் போனது ஜூலை. நானும் உங்களைப் போன்றவர்கள் எழுதியதைப் படித்துத்தான் டிக்கெட் போட்டேன். குறை சொல்லவில்லை. அன்றைக்கு அது உண்மைதான்.

---

போய் வந்தவன்

சரிதான் அம்மா. ஜூலைக் கதையை ஜனவரியில் சொல்லியிருக்கக் கூடாது. உங்கள் தேதி இன்னும் தள்ளாமல் இருக்க வேண்டும்.

---

மன்னை மருமகள்

திருச்சித் தங்கச்சி, படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதத் தோன்றவில்லை. மார்ச்சில் முடிந்ததும் கட்டாயம் இங்கே சொல்லுங்கள்.

நெல்லை அண்ணாச்சி, இஏடி பற்றி நீங்கள் சொன்னதை அவரிடம் படித்துக் காட்டினேன். அன்றைக்கே கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டார். பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பார்த்தோம். பெரியவனுடையது அடுத்த வருடம் முடிகிறது! அவர்தான் முதலில் பார்த்தார், ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை.

பையன் கணக்கைச் சொல்லுங்கள். நல்லதோ கெட்டதோ, தெரிந்துகொள்கிறேன். பிறப்புச் சான்றிதழுக்கு நான் நேரில் போகாமல் முடியுமா என்பதையும்.

---

நெல்லைச் சீமை

சரி, பையன்.

சட்டத்தின்படி கிரீன் கார்டுக்கு 21 வயதுக்குள் இருந்தால்தான் குழந்தை. சிஎஸ்பிஏ என்ற சட்டம் கொஞ்சம் சலுகை தருகிறது: தேதி கைக்கு வரும் நாளில் பிள்ளையின் வயதிலிருந்து, ஐ-140 யுஎஸ்சிஐஎஸ்ஸில் நிலுவையில் கிடந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். உங்கள் ஐ-140 பிரீமியத்தில் போனதா என்று பாருங்கள். போயிருந்தால் கழிக்க ஒன்றும் இராது. காசு கட்டிச் சீக்கிரம் வாங்கியவர்களுக்குச் சலுகை சில நாட்கள்; ஆறு மாதம் காத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம். இதை எந்த அறிவாளி யோசித்தானோ.

"தேதி கைக்கு வரும் நாள்" எது என்பதில்தான் போன வருடம் அடி விழுந்தது. விசா புல்லட்டினில் இரண்டு அட்டவணை: மனு போட அனுமதிக்கும் தேதி ஒன்று, கார்டு கொடுக்கும் இறுதித் தேதி இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் கொஞ்சம் முன்னே ஓடும். 2023 பிப்ரவரியிலிருந்து முதல் அட்டவணையை வைத்தே வயதை உறையவைக்க முடிந்தது. 2025 ஆகஸ்ட் 15 முதல் போடும் மனுக்களுக்கு இறுதித் தேதிதான் கணக்கு. அதற்கு முன்பே போட்டவர்களுக்குப் பழைய முறையே.

அந்த இறுதித் தேதி எப்படி நகர்கிறது? 2022 அக்டோபர் புல்லட்டினில் இபி-2 இந்தியா 2012 ஏப்ரல் 1. 2025 அக்டோபரில் 2013 ஏப்ரல் 1. நடுவில் பின்னே போய், நின்று, நகர்ந்து, மூன்று வருடத்தில் மொத்தம் ஒரு வருடம். இதே நடையில் போனால் 2015 மார்ச் வர 2031 நடுப்பகுதி ஆகிவிடும். உங்கள் பையனுக்கு 21 ஆவது 2030 நவம்பரில்.

இந்தக் கணக்கு கல்வெட்டு இல்லை. 2022-ல் கொரோனாவால் குடும்ப விசாக்கள் மிஞ்சி வேலை வகைக்கு வந்தபோது தேதி பாய்ந்தது. அப்படி மறுபடி நடக்கலாம், நடக்காமலும் போகலாம். சாதாரண வருடத்தில் வேலை வகைக்கு மொத்தம் 1,40,000, அதில் இபி-2-க்கு 40,000 சொச்சம், ஒரு நாட்டுக்கு 7 சதவீதம். இந்தியாவுக்கு 2,800 என்று வைத்துக்கொள்ளுங்கள்; மற்ற நாடுகளிடம் மிஞ்சினால் கூடக் கிடைக்கும். அந்த 2,800-லும் மனைவி, பிள்ளைகள் தனித்தனியாக எண்ணப்படுகிறார்கள். உங்கள் வீடு மட்டும் மூன்று. 1990-ல் போட்ட எண், இன்றுவரை அப்படியே. இவர்களைப் போன்ற பிள்ளைகளுக்காக அமெரிக்காஸ் சில்ட்ரன் ஆக்ட் என்று ஒரு மசோதாவை 2021-லிருந்து இரு கட்சியினரும் சேர்ந்து கொண்டு வருகிறார்கள். சட்டமாகவில்லை.

ஆகவே பையனுக்கு இரண்டாவது பாதையை இப்போதே போட்டு வையுங்கள். 21 ஆவதற்கு முன், ஐ-20 (கல்லூரி தரும் சேர்க்கைப் படிவம்) வாங்கி, இங்கிருந்தே எஃப்-1 என்ற மாணவர் நிலைக்கு மாற்ற மனு. மனு நிலுவையில் இருக்கும்போதும் சரி, மாறிய பிறகும் சரி, ஊருக்குப் போகும் பேச்சு வேண்டாம். போனால் சென்னையில் மாணவர் விசா நேர்காணலில், படிப்பு முடித்து இந்தியா திரும்புவேன் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். கோயில் யானை மட்டும் ஞாபகம் இருக்கிற பிள்ளை அதை எப்படி நிரூபிப்பான்? கல்லூரிக் கட்டணத்தில் உள்ளூர் விகிதம் எச்-4-க்கு உண்டா, எஃப்-1-க்கு மாறினால் போய்விடுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வட கரோலினா அரசுக் கல்லூரிகளின் சேர்க்கை அலுவலகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் கல்வி உதவி எச்-4-க்கும் இல்லை, எஃப்-1-க்கும் இல்லை. சேமிப்பை அதற்கேற்றாற்போல் வையுங்கள்.

அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னீர்களா? எஃப்-1-க்கு மாறிவிட்டால் திருப்பி அனுப்ப மாட்டார்கள், ஆனால் அந்த நாளிலிருந்து அவன் காகிதம் தனி, நம் காகிதம் தனி என்று சொல்லுங்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு மழுப்பினால் தெரிந்துவிடும். என் மகள் என்னைவிட முன்பே புல்லட்டின் பார்த்துவிட்டு வந்து நிற்பாள்.

பிறப்புச் சான்றிதழ்: நீங்கள் போக வேண்டியதில்லை. பதிவே இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, இப்போது தாமதப் பதிவு. ஒரு வருடம் தாண்டிவிட்டதால் கோட்டாட்சியர் வரை போகும், அலைச்சல். அப்படி வாங்கினாலும், பிறந்து நாற்பது வருடம் கழித்துப் போட்ட பதிவை யுஎஸ்சிஐஎஸ் அவ்வளவாக நம்பாது, கூடுதல் ஆதாரம் கேட்கும். இன்னொன்று, பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லை என்று பிறந்த ஊரின் பதிவாளர் தரும் சான்று. அதோடு நீங்கள் பிறந்ததை நேரில் அறிந்த இரண்டு பேரின் நோட்டரி பிரமாணப் பத்திரம், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். அம்மா இருக்கிறார், பெரியம்மாவோ மாமாவோ ஒருவர் போதும். வயதானவர்கள், இதைத் தள்ளிப்போடாமல் இந்த மாதமே வாங்கிவிடுங்கள். பத்திரத்தில் உங்கள் பெயர், பிறந்த தேதி, ஊர், அப்பா அம்மா இருவர் பெயர், எழுதுபவருக்கு உங்களோடு உறவு, எப்படித் தெரியும் என்பது, எல்லாம் வர வேண்டும்.

பெயரில்தான் நம் ஆட்களுக்கு இடி. மதிப்பெண் பட்டியலில் முன்னெழுத்தோடு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து, குடும்பப் பெயர் கட்டம் காலி. எனக்கும் அதே. என் விசாவில் முதல் பெயர் இருக்கும் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அடித்துவிட்டார்கள்; இங்கே ஒரு மருத்துவமனையில் பல வருடமாக "மிஸ்டர் ஃப்னூ" என்றுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். இந்த எல்லா வடிவமும் ஒரே ஆள்தான் என்று பிரமாணப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். குடும்பப் பெயரைச் சரிசெய்வதென்றால் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது, ஐ-485-க்கு முன்பே செய்துவிட வேண்டும். நடுவில் மாற்றினால் ஒவ்வொரு காகிதத்துக்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

---

கொங்கு டல்லாஸ்

நெல்லையார் சொன்னதோடு ஒன்று: தம்பியே அந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம், உங்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதம் இருந்தால் போதும் என்று எங்கள் பக்கத்தில் ஏற்றுக்கொண்டார்கள். கல்யாண வேலையில் இருக்கிறவரை அலுவலகத்துக்கு அலையவிடுகிறீர்களே என்று அம்மா திட்டுவார், தயாராக இருங்கள்.

---

மன்னை மருமகள்

அம்மா ஏற்கெனவே திட்டியாகிவிட்டது. நான் வரவில்லை என்று நேற்றுச் சொன்னேன். பத்து நிமிடம் பேசவில்லை. பிறகு, சித்தி மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து முடிச்சுப் போடட்டும், நீ வீடியோவில் இரு என்றார். தம்பிதான் ஒன்றும் சொல்லவில்லை. சான்றிதழுக்கு என்னென்ன வேண்டும் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டான்.

பெரியவனிடமும் பேசினோம். எஃப்-1 என்றதும் "அப்போது லீகலாக கேம்பஸில் வேலை பார்க்கலாம்தானே?" என்பதுதான் அவன் முதல் கேள்வி.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது: ஏப்ரலில் ஆரம்பிக்கிறார்களாம். ஐ-539, ஐ-765-க்கான பணத்தை நாங்களே செக் எழுதித் தர வேண்டுமாம். நான் என்ன செய்யட்டும்?

---

நெல்லைச் சீமை

செக் எழுதாதீர்கள். 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு யுஎஸ்சிஐஎஸ் காகிதச் செக், மணி ஆர்டர் வாங்குவதில்லை, அபூர்வ விலக்கு தவிர. கிரெடிட் கார்டுக்கு ஜி-1450 படிவம், வங்கிக் கணக்கிலிருந்து என்றால் ஜி-1650 படிவம். இதுகூடத் தெரியாமல் செக் கேட்கும் வக்கீல் அலுவலகம் என்றால், அனுப்பும் முன் ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் இருக்கும் பதிப்புத் தேதியையும் நீங்களே பார்த்துவிடுங்கள். பழைய பதிப்பு என்றால் மொத்த உறையும் திரும்பி வரும்.

ஏப்ரல் ஒத்துவராது. கணவரை மனிதவளத் துறைக்கு எழுதச் சொல்லுங்கள்: சட்டப்படி ஆறு மாதம் முன்பே போடலாம், தானியங்கி நீட்டிப்பு இப்போது இல்லை, தாமதமானால் மனைவிக்கு வேலை போகும், பிரீமியம் கட்டணத்தை வேண்டுமானால் பேசிக்கொள்ளலாம். நான்கு வரி போதும். பிப்ரவரி நடுவரை மனு போகவில்லை என்றால் இங்கே வந்து சொல்லுங்கள், அடுத்து என்ன எழுதுவது என்று பார்ப்போம்.